இ20 பெட்ரோல்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நாமக்கல்லில் வசிக்கும் நான், 2019-இல் வாங்கிய ஸ்கூட்டருக்கு ஓராண்டாக நிரப்பிவருவது கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலை 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் இதுதான் என்பதால், இதை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது. இழுவையில் குறையில்லை, ஆனால் லிட்டருக்கு 48 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 46-ஐத் தாண்டுவதில்லை. எத்தனாலின் எரியாற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் வரை மைலேஜ் குறையக்கூடும் என்று மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-லேயே கூறியிருந்தது. குறைந்த மைலேஜுக்கு ஈடாக விலையாவது குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. மக்காச்சோள எத்தனாலின் கொள்முதல் விலையே லிட்டருக்கு 71.86 ரூபாயாக இருக்கிறது.

இந்தச் சரக்கின் உண்மையான விலையை அறிய, பெட்ரோல் பங்கைவிடத் தீவனக் கடைக்குப் போவதே நல்லது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கை அரசு 2022-இல் 2025-26-க்கு முன்னிழுத்தது. மழை பொய்த்துக் கரும்பு விளைச்சல் குறையும் என்ற அச்சத்தில், 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. சர்க்கரை ஏற்றுமதியும் நின்றது. எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் மக்காச்சோளம் விற்றுவந்த இந்தியா, 2024-இல் மியான்மரிடமிருந்தும் உக்ரைனிடமிருந்தும் அதை வாங்கும் நாடாகிவிட்டது. வழக்கமாக 50 சதவீதமாக உள்ள இறக்குமதி வரியை ஏறத்தாழ 5 லட்சம் டன்னுக்கு மட்டும் 15 சதவீதமாகக் குறைக்க வேண்டிய நிலையும் அவ்வாண்டில் வந்தது. மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளத்துக்கு இங்கு அனுமதி இல்லாததால், அவ்வகையையே பெரிதும் விளைவிக்கும் பெரும் ஏற்றுமதியாளரான அமெரிக்காவின் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது.

முட்டைக்கோழி வளர்க்கும் எங்கள் ஊருக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றாது. தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளமே. எத்தனால் ஆலைகளில் மிஞ்சும் உலர்ந்த தானியக் கசடு மலிவாகக் கிடைப்பது ஓர் ஆறுதல்தான். ஆனால் அதில் பூஞ்சை நச்சு இருக்கக்கூடும் என்பதால் பண்ணைக்காரர்கள் அளந்தே சேர்க்கிறார்கள். போதாக்குறைக்கு, அதே கசடு தீவனத்தில் சோயாப் புண்ணாக்குக்கு மாற்றாகி, அதன் விலையைச் சரித்துச் சோயா விவசாயிகளையும் வாட்டுகிறது.

எரிபொருளாக மட்டும் பார்த்தால், ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். இ20-க்கென்றே வடிவமைத்த புதிய வண்டி வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. பழைய வண்டிக்காரர்கள் சர்வீஸின்போது ரப்பர் குழாய்கள் எத்தனாலால் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் நிறுத்திவைக்காதீர்கள்.