உயிருடன் பிடிப்பதாகச் சொல்லி, தேனை மட்டும் எடுத்துச் சென்றவர்

குமரி மாவட்டத்தில் குழித்துறைக்கு அருகே உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் மச்சுக்குள், இந்த ஆண்டு தை மாத நடுவில் ஒரு தேனீக் கூட்டம் குடியேறியது. பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டும் இந்தியத் தேனீதான் அது. மார்த்தாண்டம் பகுதியில் பெட்டிகளில் வளர்ப்பதும் இதே இனத்தைத்தான். 1990-களின் தொடக்கத்தில் பரவிய வைரஸ் நோயில் என் தந்தையின் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியானதைச் சிறுவயதில் பார்த்தவன் என்பதால், மருந்தடித்துக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிருடன் பிடித்துப் பெட்டிக்கு மாற்றுவதாகச் சொன்ன ஒருவரைத் தெரிந்தவர் மூலம் அழைத்தேன்.

வந்து பார்த்தவர் 3,500 ரூபாய் கூலி பேசி, 1,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டு, "கூட்டம் இன்னும் சரியாக உட்காரவில்லை, இப்போது தொட்டால் ஓடிவிடும்" என்று சொல்லிச் சென்றார். உண்மையில் புதிதாக வந்து இறங்கிய கூட்டத்தை மாற்றுவதுதான் எளிது. அடையும் குறைவு, தேனும் குறைவு. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் தள்ளிப்போட்ட அந்த ஒன்றரை மாதத்தில் ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விட்டன. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இளம் இலைக்காம்புகளில் சுரப்பதைத்தான் தேனீக்கள் சேர்க்கின்றன. பங்குனி பிறந்தபோது எங்கள் மச்சில் அடைகள் நிறைந்து கனத்திருந்தன. அவர் காத்திருந்தது கூட்டத்துக்காகவா தேனுக்காகவா என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

பங்குனி இரண்டாம் வாரத்தில், பகல் 11 மணிக்கு வந்தார். மேயப் போன தேனீக்களில் பெரும்பகுதி வெளியே இருக்கும் நேரம் அது. கொண்டுவந்த பெட்டியில் அடைகளைக் கட்டி வைக்கும் மரச்சட்டம் ஒன்றுகூட இல்லை; அதை நான் கவனித்தும் கேட்காமல் விட்டது என் பிழை. சிறிது நேரம் புகை போட்டவர், பிறகு பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு குப்பியிலிருந்து எதையோ தெளித்தார். கேட்டபோது வேப்பெண்ணெய் என்றார். வாடையோ கரப்பான் மருந்தைப் போல இருந்தது. கொத்தாகக் கீழே விழுந்த தேனீக்களைப் பார்த்துப் பதறிய என் தாயாரிடம், "அம்மா, மயக்கம்தான், ஒரு ஈ கூடச் சாகாது" என்றார். தேன் அடைகளை இரண்டு வாளிகளில் நிரப்பிக்கொண்டு, மூடிய பெட்டியைக் காட்டி ராணி உள்ளே இருக்கிறது என்று சொல்லி, மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை மேய்ந்து திரும்பிய தேனீக்கள் இறவாரத்தில் கொத்தாகத் தொங்கின. மறுநாள் காலை முற்றத்தில் செத்துக் கிடந்தவற்றை முறத்தில் அள்ள வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் மச்சுப் பலகையின் இடுக்கு வழியாகத் தேன் சுவரில் வழிந்து, எறும்பு மொய்த்து, அழுகல் நாற்றம் வீட்டுக்குள் இறங்கியது. தொலைபேசியில் அழைத்தபோது, முதல்முறை "மிச்ச ஈக்கள் தானே போய்விடும்" என்றவர், அதன்பின் எடுக்கவே இல்லை.

மார்த்தாண்டம் பக்கமிருந்து வந்த முதிய தேனீ வளர்ப்பாளர் ஒருவர் பலகையைக் கழற்றிக் காட்டியபோது, புழு அடைகள் அத்தனையும் அங்கேயே கறுத்துக் கிடந்தன. மெழுகுப் பூச்சியும் வலை கட்டத் தொடங்கியிருந்தது. பொழுது சாய்ந்து எல்லாத் தேனீக்களும் திரும்பிய பிறகு வேலையைத் தொடங்குவதும், புழு அடைகளைச் சட்டங்களில் வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் வைப்பதும், ராணியைக் கண்ணால் பார்த்துப் பிடித்துப் பெட்டியில் விடுவதும்தான் முறை என்று அவர் விளக்கினார். அடையின் எச்சத்தைச் சுரண்டிக் கழுவி இடுக்கை அடைக்காவிட்டால், மெழுகு வாடைக்கு அடுத்த கூட்டமும் அங்கேயே வரும் என்றார். அவர் கூலி 1,500 ரூபாய். தச்சருக்குக் கொடுத்தது தனி.

எனவே நம் மாவட்டத்தில் யாரையேனும் இதற்கு அழைக்கிறவர்கள், பணம் பேசுவதற்கு முன் சட்டங்களையும் வாழைநாரையும் பார்த்துவிடுங்கள். பெயரில்லாத குப்பி தென்பட்டால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. தேனை எடுத்துச் சென்ற அந்த மனிதர் அன்றே எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டு குப்பித் தேனை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனின் பெயரைச் சொல்லி விற்றிருக்கிறார். மருந்து தெளித்த கூட்டிலிருந்து எடுத்தது என்று நான் போய்ச் சொன்னபோது, ஒரு குப்பி நாகர்கோவிலில் இருக்கும் அந்த வீட்டு அக்காவின் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த அக்கா என் முன்னாலேயே மகளை அழைத்து, அதை யாரும் தொடவேண்டாம் என்று சொன்னார்.