எம்பிபிஎஸ் படிக்க ரஷ்யாவா கிர்கிஸ்தானா?

நீட்ல பாஸ் ஆயிடுச்சு, ஆனா கவர்ன்மென்ட் சீட் வரல, இங்க பிரைவேட் ஃபீஸ் கட்ட முடியாதுன்னு நிக்கிறவங்க நிறைய பேருக்கு கடைசியில மிஞ்சுறது இந்த ரெண்டுதான்.

செலவு:
கிர்கிஸ்தான் - பொதுவா கம்மி, பிஷ்கெக், ஓஷ் மாதிரி ஊர்கள்ல சாப்பாடு, ரூம் வாடகையும் கம்மிதான்.
ரஷ்யா - மாஸ்கோன்னா கை கடிக்கும், மத்த ஊர்னா பரவால்ல. 2022க்கு அப்புறம் பேங்க் தடைகளால பணம் அனுப்புறதுல சிக்கல் இருக்கு, இதை ஏஜென்ட் யாரும் வாய் தெறந்து சொல்றதில்ல.

படிப்பு:
ரஷ்யா - 6 வருஷம், பழைய யுனிவர்சிட்டிங்க, கசான் ஊர்ல இருக்கிற மெடிக்கல் யுனிவர்சிட்டி 1814லயே ஆரம்பிச்சது.
கிர்கிஸ்தான் - நிறைய இடத்துல 5 வருஷ கோர்ஸ். இங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும், ஏன்னா என்எம்சி (இந்தியாவோட தேசிய மருத்துவ ஆணையம்) 2021 ரூல்படி 54 மாச படிப்பு, அதே காலேஜ்ல 12 மாச இன்டர்ன்ஷிப் (ரெண்டும் சேர்த்தா 66 மாசம், 5 வருஷம்னா 60 மாசம்தான்), பாடம் இங்கிலீஷ்ல, அந்த நாட்டுலயே டாக்டரா வேலை பாக்க லைசென்ஸ் கிடைக்கிற தகுதி, இதெல்லாம் இருந்தாதான் இந்தியால செல்லும், அதனால இதெல்லாம் இருக்குன்னு காலேஜ்கிட்ட எழுத்துல வாங்காம அட்வான்ஸ் கட்டாதீங்க ப்ளீஸ்.

பாஷை: ரெண்டு இடத்துலயும் பேஷன்ட்கிட்ட பேச ரஷ்யன் வேணும்.

பாதுகாப்பு: 2024 மே மாசம் பிஷ்கெக்ல வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் மேல தாக்குதல் நடந்துச்சு. ரஷ்யால போர் நடக்குது, உக்ரைன் பார்டர் பக்கத்து ஊரை தவிர்த்துடுங்க.

திரும்பி வந்தா எஃப்எம்ஜிஇ (வெளிநாட்டுல எம்பிபிஎஸ் படிச்சவங்க இந்தியால டாக்டராக எழுதுற பரீட்சை), 300க்கு 150 எடுக்கணும், அது ரெண்டுக்கும் ஒண்ணுதான். பட்ஜெட் ரொம்ப டைட்னா, ரூல் எல்லாம் ஒத்துவர்ற காலேஜா பாத்து கிர்கிஸ்தான். கொஞ்சம் கூட செலவு பண்ண முடியும், குளிரும் தாங்கும்னா என் ஓட்டு ரஷ்யாவுக்குத்தான்.