"ஊழியம்" என்று சொல்லி பாட்டின் மாஸ்டர் பதிவை வாங்கிப்போகிறார்கள்: கிறிஸ்தவப் பாட்டு வெளியிடுபவர்கள் கவனத்துக்கு

சொந்தமாகப் பாட்டெழுதி, ட்யூன் போட்டு, கைக்காசில் கிறிஸ்தவப் பாடல்கள் வெளியிடுபவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். உங்கள் சபையில் கீபோர்டு, கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். விநியோகம் செய்வதாகச் சொல்லி என் பாட்டின் உரிமையையே எழுதி வாங்கிக்கொண்ட நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு ஆல்பம் எப்படி உருவாகும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ட்யூனும் டெமோவும் வீட்டிலேயே முடிந்துவிடும். வாய்ஸ் எடுக்கவும் புல்லாங்குழல், தபலா வாசிக்க வைக்கவும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். மிக்ஸிங், மாஸ்டரிங் செலவு தனி. முன்பெல்லாம் கன்வென்ஷன் பந்தல் ஓரமாக மேசை போட்டு சிடி விற்றால் போட்டதில் பாதியாவது கைக்கு வரும். இப்போது யூடியூபும் ஸ்பாட்டிஃபையும்தான். இந்த நிறுவனம் உள்ளே வந்ததும் அந்த வழியாகத்தான்.

"பிரதர், உங்க பாட்டுல அபிஷேகம் இருக்கு. எங்க சேனல்ல வந்தா உலகம் பூரா போகும்" என்று போன் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு விநியோகம் மட்டும், மற்றதெல்லாம் உங்களுக்கே என்றார்கள். ப்ரமோஷன் பேக்கேஜ் என்று ஒரு தொகை வாங்கினார்கள். பிறகு முத்திரைத்தாளில் ஆங்கில ஒப்பந்தம் வந்தது. தலைப்பு விநியோக ஒப்பந்தம். உள்ளே நடுவில் ஒரு பத்தி: வரிகள், இசை, ஒலிப்பதிவு மூன்றின் பதிப்புரிமையும் உலகம் முழுவதற்கும் நிரந்தரமாக நிறுவனத்துக்கு மாற்றப்படுகிறது. கேட்டதற்கு, "அது ஸ்டாண்டர்ட் ஃபார்மட் பிரதர், எல்லா ஊழியக்காரங்களும் இதுலதான் போடுறாங்க" என்று பதில். அட்மாஸ் (சுற்றொலி) மிக்ஸ் பண்ணப்போகிறோம் என்று ஸ்டெம் ஃபைல்களையும், அதாவது குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் ட்ராக்குகளையும் வாங்கிக்கொண்டார்கள்.

பாட்டு வெளியானது. வருமானக் கணக்கு மட்டும் வரவே இல்லை. வற்புறுத்திக் கேட்டபோது சொன்னது இது: "கர்த்தருக்குன்னு பாடின பாட்டுக்குக் கணக்குக் கேக்கலாமா பிரதர்?" ப்ரமோஷன் பேக்கேஜுக்கு ஜிஎஸ்டியோடு பில் போட்டபோது மட்டும் கர்த்தர் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

அடுத்தது இன்னும் மோசம். ஞாயிறு ஆராதனையை எங்கள் சபை யூடியூபில் நேரலையாகப் போடும். பாடகர் குழு என் பாட்டைப் பாடியது, அந்த வீடியோவுக்கு கன்டென்ட் ஐடி க்ளெய்ம் வந்தது, அதாவது யூடியூப் தானாகவே பாட்டை அடையாளம் கண்டு நிறுவனத்தின் பேரில் உரிமை கோரியது. என் பாட்டை நானே கீபோர்டில் வாசித்திருக்கிறேன், உரிமை அவர்களுடையதாம். மறுத்து மனு போட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் அசையாமல் வீடியோவை நீக்கச் சொல்லிவிட்டால் சபையின் சேனலுக்கு ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழும். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போய்விடும் என்பதால் பாஸ்டர் வீடியோவை எடுத்துவிடச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, சபையின் அத்தனை வருஷப் பிரசங்கமும் அந்தச் சேனலில்தான் இருக்கிறது.

ஆல்பத்தில் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றும் இருந்தது. அவர் 1864-ல் காலமானவர். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும்தான் பதிப்புரிமை. அந்தக் கீர்த்தனை எல்லாருக்கும் பொது. அதைப் பாடிய ஒரு கிராமத்துச் சபைக்கும் இவர்கள் க்ளெய்ம் அனுப்பியிருக்கிறார்கள்.

ஸ்டெம் எதற்கு என்பது பிறகு தெரிந்தது. என் குரலை மட்டும் எடுத்துவிட்டு, அதே ட்ராக்கில் வேறொருவரைப் பாட வைத்துப் போட்டார்கள். தபலா கலைஞர் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு தீர்மானத்தை (முடிப்புக்கு வாசிக்கும் தாளக் கோர்வை) கொஞ்சம் இழுத்து வாசித்திருப்பார், அழகாக இருந்ததால் அப்படியே விட்டிருந்தோம். அது அப்படியே கேட்கிறது. ஆனால் விவரப் பகுதியில் அவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை.

சட்டம் நம்மை முழுசாகக் கைவிடவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தப்படி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை அந்த நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ராயல்டி விவரம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. என்னுடையதில் அந்த இடம் காலி. எத்தனை வருஷம் என்று எழுதாத ஒப்பந்தம் 5 வருஷம்தான் செல்லும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்று கவனமாக எழுதி வைக்கிறார்கள். பெயரை எடுத்ததற்கு, படைப்பாளி தன் பெயரைக் கோரும் உரிமையைத் தரும் 57-ஆம் பிரிவு இருக்கிறது, உரிமையை விற்றவனுக்கும் அது பொருந்தும்.

விநியோகத்துக்கு உரிமம் (பயன்படுத்த அனுமதி) கொடுத்தால் போதும், உரிமை மாற்றம் தேவையே இல்லை. ஸ்டெம் யாருக்கும் போக வேண்டியதில்லை, மாஸ்டர் வேவ் ஃபைல் (முடிந்த முழுப் பாட்டு) போதும். வெளியிடுவதற்கு முன்பே பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். கட்டாயமில்லை, ஆனால் தகராறு வந்தால் கையில் ஒரு சான்று இருக்கும். இசைக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய். பாட்டெழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராவதற்கு சினிமாப் பாட்டு எழுதியிருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை.

1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி, விசுவாசி மேல் விசுவாசி வழக்குப் போடலாமா என்று இரண்டு மூன்று பெரியவர்கள் கேட்டார்கள். அதே அதிகாரத்தில் 8-ஆம் வசனம் சகோதரனுக்கே அநியாயம் செய்து நஷ்டப்படுத்துகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. அதை அந்த நிறுவனத்துக்கு யார் வாசித்துக் காட்டுவது?

நோட்டீஸுக்குப் பதில் வந்துவிட்டது, "படித்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்கிறார்கள். இதே வாசகத்தோடு நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் சிலர் கையெழுத்துப் போட்டிருப்பதாகக் கேள்வி. அப்படி இருந்தால் ஒப்பந்த நகல், பேக்கேஜ் பில், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வக்கீல் சேர்ந்து போகலாம் என்கிறார்.