விளக்கு எரியாத இருக்கையில் பையனை அனுப்பினார்கள்: பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பொழுதுபோக்குப் பூங்காவில் யாருக்காவது அடிபட்டால் மருந்துக்கு முன்னால் ஒரு காகிதம் வந்து சேரும். "இது என் கவனக்குறைவால் ஏற்பட்ட சிறு காயம். நிர்வாகத்தின் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்று அதில் அச்சடித்திருக்கும். எங்களிடம் நீட்டியது, நகலெடுத்து நகலெடுத்து எழுத்தே மங்கிப்போன படிவம். பெயர், தேதி, ரைடின் பெயர் ஆகியவற்றுக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு படிவம் இவ்வளவு தேய்ந்திருக்கும்?

என் அக்கா மகனுக்கு 13 வயது. வாசலில் இருந்த உயர அளவுகோலில் தேறித்தான் ஏறினான். தோள்மேல் இறங்கி மார்போடு பூட்டிக்கொள்ளும் கம்பி உள்ள ரைடு அது. உயரே கொண்டுபோய்த் தலைகீழாகச் சுழற்றும். மற்ற இருக்கைகளில் எல்லாம் பச்சை விளக்கு எரிந்தது, அவனுடையதில் எரியவில்லை. ஆபரேட்டர் கம்பியைத் தூக்கி மறுபடி அழுத்தினார். விளக்கு மினுக்கிவிட்டு அணைந்தது. இன்னும் ஓங்கி அழுத்தினார். அப்போதும் அதே கதைதான். வேலிக்கு வெளியே நின்றிருந்த நான், "பையனை இறக்கிவிடுங்கள்" என்று சத்தம் போட்டேன்.

"ஒன்றும் ஆகாது சார். சென்சார் தொல்லை, அடிக்கடி இப்படித்தான் செய்யும்" என்றார். பிறகு வாக்கி டாக்கியில் ஒருவரை அழைத்தார். வந்தவர் இருக்கைப் பக்கமே போகவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு சாவியைத் திருப்பினார், அவ்வளவுதான். ரைடு கிளம்பிவிட்டது.

தலைகீழாகத் தொங்கியபோது கம்பி ஒரு கையகலம் நழுவியது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். தோள்பட்டை பிசகியது, கம்பி முகவாயில் மோதி உதடு கிழிந்தது. அவன் உயிரோடு இறங்கியதற்கு அந்தப் பெண்ணுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பூங்காவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

"சென்சார் தொல்லை" என்ற அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். உலகத்தில் பேர்போன விபத்துகள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தால், எந்திரம் "நில்" என்று சொன்ன இடத்தில் மனிதர்கள் "போ" என்று சொல்லியிருப்பது தெரியும். பிரிட்டனின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2 அன்று 'ஸ்மைலர்' ரோலர் கோஸ்டரில் நடந்ததும் இதுவே. இந்த வகைத் தடங்களைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பகுதியில் வண்டி இருக்கும்வரை அடுத்த வண்டியைக் கணினி அதற்குள் விடாது. அன்று ஆளில்லாத சோதனை வண்டி ஒன்று தடத்தில் நின்றுபோயிருந்தது. கணினி தன் வேலையைச் சரியாகச் செய்து அடுத்த வண்டியை நிறுத்தியது. தடத்தில் எதுவும் இல்லை என்று எண்ணிய பொறியாளர்கள் அந்தத் தடையை மீறி வண்டியை அனுப்பினார்கள். அதில் 16 பேர் இருந்தார்கள். மோதலில் இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். அவசர உதவிக்கு முதல் அழைப்பு போகவே 17 நிமிடம் ஆனது. நிறுவனத்துக்கு 2016இல் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் டிரீம்வேர்ல்டு பூங்காவில் 2016 அக்டோபர் 25 அன்று படகு ரைடில் நான்கு பேர் இறந்தார்கள். தண்ணீர் இறைக்கும் பம்பு அதே நாளில் ஏற்கெனவே இரண்டு முறை நின்றிருந்தது. இரண்டு முறையும் அதை மறுபடி ஓடவைத்து ஆட்களை ஏற்றினார்கள். மூன்றாவது முறை நின்றபோது நீர்மட்டம் இறங்கி ஒரு படகு தட்டி நின்றது. ஆட்களோடு வந்த அடுத்த படகு அதில் மோதிச் செங்குத்தாக எழுந்தது. நீர்மட்டம் குறைந்தால் தானாகவே நிறுத்தும் கருவி அந்த ரைடில் இல்லை.

பச்சை விளக்கு எரிந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 2022 மார்ச் 24 அன்று உயரக் கோபுர ரைடிலிருந்து 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அங்கே விளக்கு எரிந்துதான் இருந்தது. கம்பி வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு திறந்திருந்தாலும் விளக்கு எரியும்படி அந்த இருக்கையின் சென்சார் கையால் மாற்றப்பட்டிருந்ததாக விசாரணை அறிக்கை கூறியது. ஆகவே விளக்கைப் பார்த்துவிட்டுக் கம்பியையும் பாருங்கள். இரண்டு கையாலும் மேலே தள்ளிப் பாருங்கள். உங்கள் உடம்புக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள சந்து பக்கத்து இருக்கைக்காரரின் சந்தைவிட வெகுவாக அகன்றிருந்தால் இறங்கிவிடுங்கள். பருமனானவர்களுக்கும் ஒல்லியான பிள்ளைகளுக்கும் இது இன்னும் முக்கியம். வாசலில் உயரத்தை மட்டும் அளந்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். முதலுதவி அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதே அங்கிருந்த ஊழியர்களுக்குத் தெரியவில்லை. உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு பையன் உட்கார்ந்திருந்தான். மேலாளர் குளிர்பானமும், இலவச டிக்கெட் அடங்கிய உறையும், அந்தப் படிவமும் ஏந்தி வந்தார். "தம்பி கம்பியை ஆட்டியிருப்பான் சார், பிள்ளைகள் என்றால் அப்படித்தான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. கேமராப் பதிவைக் கேட்டேன். அந்தக் கோணத்துக் கேமரா மட்டும் வேலை செய்யவில்லையாம்! நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அதே ரைடு மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த இருக்கையிலும் ஓர் ஆள் இருந்தார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. உறையையும் வாங்கவில்லை, ஏனென்றால் அதை வாங்கியதையே சமரசத்துக்குச் சாட்சியாகக் காட்டக்கூடும். டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் "விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். அப்படி அச்சடித்தாலே பொறுப்பு கழிந்துவிடாது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், அலட்சியத்தால் நேரும் சாவுக்கோ காயத்துக்கோ பொறுப்பை இத்தகைய அறிவிப்பால் தட்டிக்கழிக்க முடியாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள், பூங்கா மேலாளரிடம் கேட்காதீர்கள். பதற்றத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் அதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாமல் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்.

அடிபட்ட உடனே ரைடின் பெயர், நேரம், இருக்கை எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையையும் கம்பியையும் படம் எடுங்கள். தடுப்பார்கள், இருந்தாலும் எடுங்கள். பக்கத்தில் இருந்தவர்களின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். அந்தப் பெண்ணின் எண்ணை என் அக்கா வாங்கி வைத்ததால்தான் எங்களுக்கு ஒரு சாட்சி கிடைத்தார். வெளி மருத்துவரிடம் போங்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கேமராப் பதிவுகள் சில நாளில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால், பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அன்றே எழுத்தில் கேட்டு, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் கேட்டதற்கே சான்று இருக்காது.

பூங்காவின் பெயரை இப்போது எழுத முடியாது, புகார் விசாரணையில் இருக்கிறது. உரிமம் வழங்கிய அதிகாரிகள் அன்றைய பரிசோதனைப் பதிவேட்டையும், கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவர் யார் என்ற விவரத்தையும் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறார்கள். பதிவேட்டைத் தர அவகாசம் வேண்டும் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்கிறது. காலையில் ரைடைத் திறப்பதற்கு முன்பே நிரப்பி முடித்திருக்க வேண்டிய பதிவேடு அது.