இடப்பக்கம் சமஸ்கிருதம், வலப்பக்கம் ஆங்கிலம்: கிளே நூல்வரிசை

சமஸ்கிருதக் கவிஞர்களான காளிதாசனையும் பவபூதியையும் ஆங்கிலத்தில் படிக்க விரும்புபவருக்கு மொழிபெயர்ப்புகள் ஏராளம். மூலத்தை ஓரளவு காதால் அறிந்தும் தனியாகப் படித்துப் பொருள்கொள்ள இயலாத வாசகருக்கென்று அமைந்தவை மிகச் சில. நியூயார்க் பல்கலைக்கழகப் பதிப்பகமும் ஜே.ஜே.சி. அறக்கட்டளையும் இணைந்து 2005 முதல் 2009 வரை 56 தொகுதிகளாகக் கொண்டுவந்த கிளே சமஸ்கிருத நூலகம் அந்தச் சிலவற்றுள் முதலில் வைக்கத்தக்கது. கிரேக்க, லத்தீன் நூல்களுக்கு 1911 முதல் லோப் வரிசை செய்துவரும் பணியை முன்மாதிரியாகக் கொண்டு, கையடக்கமான கெட்டி அட்டைப் புத்தகத்தில் இடப்பக்கம் ரோமன் எழுத்தில் மூலமும் வலப்பக்கம் ஆங்கிலமும் எதிரெதிராக நிற்கும்படி இதை அமைத்திருக்கிறார்கள்.

இவ்வரிசையின் உண்மையான சாதனை அந்த இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. தொகைச் சொற்களின் இடையே செங்குத்துக் கோடிட்டும், சந்தியில் கலந்த உயிரெழுத்துகளுக்குத் தனிக் குறியிட்டும் ஒவ்வொரு சொல்லும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டுகிறார்கள். மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்துத் தந்ததால் சங்கப் பாடல்களை அணுக முடிந்த தமிழ் வாசகருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. குறிகள் முதலில் கண்ணை உறுத்தினாலும், பழகிய பிறகு அவை இல்லாத பதிப்பைக் கையில் எடுக்கவே மனம் வருவதில்லை.

காளிதாசனின் மேகதூதம் அடங்கிய தொகுதியில் இந்த ஏற்பாடு எவ்வளவு இன்றியமையாதது என்பது தெளிவாகிறது. மந்தாக்கிராந்தா விருத்தத்தின் ஒவ்வொரு அடியிலும் 17 அசைகள். முதல் நான்கும் குருவாக, அதாவது நீண்ட அசைகளாக, தயங்கி நடக்க, அடுத்த ஐந்தும் லகுவாக, அதாவது குறுகிய அசைகளாக, விரைந்தோட, பிறகு அடி மீண்டும் தளர்ந்து சாய்கிறது. பிரிவுத் துயரையும் மேகத்தின் மெல்லிய நகர்வையும் ஒருசேரச் சுமப்பது இந்த நடைதான். ஜேம்ஸ் மல்லின்சனின் ஆங்கிலம் பொருளை நேர்மையாகத் தருகிறது. நடையைத் தரவில்லை, எந்த ஆங்கிலத்தாலும் தர இயலும் என்றும் நான் எண்ணவில்லை. வலப்பக்கத்தில் பொருளை அறிந்துகொண்டு இடப்பக்கத்தை வாய்விட்டுச் சொல்லும் வாசகருக்கு மட்டுமே கவிதை முழுமையாகக் கிடைக்கும்.

நாடகங்கள் மொழிபெயர்ப்பை இன்னும் நன்றாகத் தாங்குகின்றன. பவபூதியின் உத்தரராமசரிதத்தை ஷெல்டன் பொல்லாக் மொழிபெயர்த்திருக்கிறார். சீதையைப் பிரிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பஞ்சவடிக்கு வரும் ராமன் பழைய இடங்களைக் கண்டு மூர்ச்சையாகிறான். யார் கண்ணுக்கும் தெரியாதபடி அருகில் நிற்கும் சீதை தொட்டு அவனை உயிர்ப்பிக்கிறாள். தொட்டது யாரென்று அறிந்தும் காணமுடியாமல் அவன் தவிக்கிறான். அழுகைக்கு அலங்காரம் பூட்டாமல் பொல்லாக் அடக்கமான சொற்களில் சொல்லிச் செல்வதால், இந்த மூன்றாம் அங்கம் ஆங்கிலத்திலும் நெஞ்சை உலுக்குகிறது. சீதை மண்ணுள் புகுந்த முடிவையே கேட்டு வளர்ந்தவர்கள், இருவரையும் சேர்த்துவைக்கும் பவபூதியின் துணிவை அவசியம் அறிய வேண்டும். ஒரு குறை மட்டும் உண்டு: ராமன் சமஸ்கிருதத்திலும் சீதை பிராகிருதத்திலும் பேசும் வேறுபாடு ஆங்கிலத்தின் ஓசையில் கேட்பதில்லை, இருவரும் ஒரே குரலில் பேசுவதாகவே படுகிறது.

மைக்கேல் கோல்சன் மொழிபெயர்த்த முத்ராராக்ஷசம் வேறு வகை. காதலுக்கு இடமே தராத இந்த அரசியல் நாடகத்தில் சாணக்கியனின் சூழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதை, வேகம் குறையாத உரையாடல்களில் அவர் கொண்டுவந்திருக்கிறார்.

தமிழ் வாசகர் தவறவிடக்கூடாத தொகுதி யிகால் பிரானரும் டேவிட் ஷுல்மனும் சேர்ந்து மொழிபெயர்த்த தென்னிந்தியக் கவிதைத் தொகுப்பு. அப்பய்ய தீட்சிதரின் ஆத்மார்ப்பண ஸ்துதி, நீலகண்ட தீட்சிதரின் சாந்தி விலாசம், வேதாந்த தேசிகரின் தயாசதகம், ஹம்ஸ சந்தேசம் ஆகிய நான்கும் இதில் உள்ளன. ஹம்ஸ சந்தேசத்தில் ராமன் இலங்கைக்கு அனுப்பும் அன்னம் வேங்கடம், காஞ்சி, காவிரி, திருவரங்கம், பாண்டிநாடு என்று நம் ஊர்களின்மேல் பறந்து செல்கிறது. அன்னத்தைத் தூது விடுவதைத் தமிழ்த் தூது இலக்கியத்தில் கண்ட நமக்கு அந்தப் பாதை முழுவதும் உறவாக இருக்கிறது. ஷுல்மன் தமிழிலும் ஆழ்ந்த புலமை உடையவர் என்பது இந்த மொழிபெயர்ப்புக்குப் பெரும் பலம்.

குறைகளும் சிறியன அல்ல. மகாபாரதமும் ராமாயணமும் முழுமை பெறாமலே வரிசை நின்றுவிட்டது. தேவநாகரி அறிந்தவர்களுக்கு ரோமன் எழுத்து அயர்ச்சி தரும். உரையாசிரியர் மல்லிநாதரைத் துணைகொண்டு படிக்க விரும்புபவருக்குக் கடைசியில் தரப்படும் குறிப்புகள் போதமாட்டா. 2015 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடும் மூர்த்தி செவ்வியல் வரிசை சமஸ்கிருத மூலத்தைத் தேவநாகரியிலேயே அச்சிடுகிறது. காவியக் கவிஞர்களான பாரவியும் மாகனும் அங்கே கிடைக்கிறார்கள். ஆனால் சொற்பிரிப்பின் துணை வேண்டுபவருக்குக் கிளே பதிப்பையே பரிந்துரைப்பேன். முதலில் உத்தரராமசரிதத்தையும் அடுத்துத் தென்னிந்தியத் தொகுப்பையும் வாங்கலாம். மேகதூதத்தை, குறிகள் கண்ணுக்குப் பழகிய பிறகு எடுத்துக்கொள்வது நல்லது.