ஷாப்ஃப்ளோரில் டிராயிங் பார்க்க எந்த டேப்லெட்: ஐபேடா, ஆண்ட்ராய்டா, விண்டோஸா?

கோவையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) பட்டறையில் டிராயிங்குகளையும் வேலைக் குறிப்புகளையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பழைய ரிவிஷன் (திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு) டிராயிங் ஒன்று மெஷின் ஓரத்தில் ஒட்டியபடியே இருந்ததால், ஒரு ஷிப்ட் முழுக்க ஓடிய பாகங்கள் ஸ்கிராப்பில் விழுந்தன. அந்த வாரமே காகிதத்தை நிறுத்திவிட்டு டேப்லெட்டுக்கு மாற முடிவு செய்தோம். தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001:2015-இன் 7.5.3 பிரிவு கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்: ஆவணம் தேவைப்படும் இடத்தில் கிடைக்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், மாற்றங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

மூன்று ஷிப்ட், பல கைகள், ஒரே டேப்லெட். பூட்டாமல் விட்டால் யூடியூப் ஓடும், செட்டிங்ஸ் மாறும், இரண்டே வாரத்தில் டிராயிங் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கும். அதனால் பூட்டத்தான் வேண்டும். ஆனால் விற்க வருபவர்கள் எல்லோரும் பூட்டு எவ்வளவு இறுக்கம் என்பதை மட்டுமே சொல்கிறார்கள். நான் இரண்டு கேள்விகளைத்தான் முன்னால் வைப்பேன்: புது ரிவிஷன் எப்படிப் போய்ச் சேரும்? பூட்டு சிக்கிக்கொண்டால் வெளியிலிருந்து எப்படித் திறப்பது?

மூன்று நான்கு டேப்லெட்தான் என்றால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஐபேடில் கைடட் ஆக்சஸ் இருக்கிறது, 2012-இல் ஐஓஎஸ் 6-உடன் வந்தது. பட்டனை மூன்று முறை அழுத்தி, ஒரு கடவு எண் போட்டால் அந்த ஆப்பை விட்டு வெளியே வர முடியாது. ஆண்ட்ராய்டு 5.0-இலிருந்து இருக்கும் ஸ்கிரீன் பின்னிங் அதற்கு ஈடாகாது. எப்படி விடுவிப்பது என்பதைத் திரையே சொல்லிக் கொடுத்துவிடும். இரண்டையுமே ஒவ்வொரு டேப்லெட்டாகக் கையால் செய்ய வேண்டும் என்பதால், பத்துக்கு மேல் போனால் தாங்காது.

அப்புறம் வருவது எம்டிஎம், அதாவது எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள். ஐபேடில் எம்டிஎம் வழியாக ஒரே ஆப்பில் பூட்டுவதற்குச் சிங்கிள் ஆப் மோட் என்று பெயர். டேப்லெட் முதலில் 'சூப்பர்வைஸ்டு' நிலைக்கு, அதாவது நிறுவனத்தின் முழுக் கட்டுப்பாட்டுக்கு, போக வேண்டும். நிறுவனங்கள் தங்கள் ஆப்பிள் கருவிகளைப் பதிந்து வைக்கும் ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் பதிவாகும்படி விற்பனையாளரிடமே வாங்கினால் பெட்டியைத் திறந்ததும் தானாக நடக்கும். இல்லாவிட்டால் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் என்ற ஆப் மூலம் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்ததற்கு முதல் 30 நாள் ஒரு தளர்வு உண்டு, அதற்குள் செட்டிங்ஸுக்குப் போக முடிந்தவர் அதை நிர்வாகத்திலிருந்து விலக்கிவிடலாம். 'ஷேர்டு ஐபேட்' என்ற பெயரைப் பார்த்து அதுதான் நமக்கு என்று நினைக்க வேண்டாம். அது ஆளுக்கொரு லாகின் வைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு. டிராயிங் பார்க்க மட்டும் என்றால் தேவையில்லை.

நாங்கள் முதலில் வாங்கியது ஆறு ஐபேட். பூட்டு அருமையாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, நெட்வொர்க் பார்க்க வந்தவர் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போனார். திங்கள் காலை ஆறு மணிக்கு ஃபோன்: "அண்ணா, டேப்ல ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்க." சிங்கிள் ஆப் மோடில் செட்டிங்ஸுக்கு வழி கிடையாது. வைஃபை இல்லாததால் எம்டிஎம்மின் கட்டளையும் போய்ச் சேராது. ஆறு டேப்லெட்டும் கல்லாகக் கிடந்தன. கடைசியில் உதவியது ஒரு பழைய ரவுட்டர். அதில் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே போட்டு இணையத்தோடு இணைத்தேன். ஐபேடுகள் தாமாக ஒட்டிக்கொண்டன. புது வைஃபை விவரத்தை எம்டிஎம்மிலிருந்து அனுப்பிய பிறகு ரவுட்டரை அணைத்தேன். யூஎஸ்பி வழியாக லேன் கேபிள் மாட்டியும் மீட்கலாம், அன்று அந்த அடாப்டர் கையில் இல்லை.

ஆண்ட்ராய்டு இங்கேதான் எனக்குப் பிடித்துப்போனது. ஆண்ட்ராய்டு 7-இலிருந்து, புதிதாக ரீசெட் செய்த டேப்லெட்டின் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும். எம்டிஎம் தரும் க்யூஆரைக் காட்டினால் அது முழுக்க நம் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். மைக்ரோசாஃப்டின் எம்டிஎம்மான இன்ட்யூனில், மேனேஜ்டு ஹோம் ஸ்கிரீன் என்ற பூட்டுத் திரையில், பூட்டிய நிலையிலேயே வைஃபையை மட்டும் மாற்ற அனுமதி தரலாம், வெளியே வர ஒரு ரகசிய எண்ணும் வைக்கலாம். சொந்த சர்வரில் ஓட்ட விரும்பினால் ஹெட்விண்ட் எம்டிஎம் இருக்கிறது, அது திறமூல மென்பொருள். யாராவது பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்துவிட்டாலும், ஜீரோ டச்சில் (கூகுளின் தானியங்கிப் பதிவு ஏற்பாடு) பதிவான டேப்லெட் மறுபடி எம்டிஎம்மிடமே வந்து நிற்கும்.

குறைகளும் உண்டு. மலிவான பிராண்டுகளில் பாதுகாப்பு அப்டேட் சீக்கிரம் நின்றுவிடும். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும் மாடல்களும் உண்டு. நாள் முழுக்க சார்ஜிலேயே மாட்டி வைத்தால் பேட்டரி உப்பிவிடலாம் (இது ஐபேடுக்கும் பொருந்தும்). சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஆக்டிவ் 3-ஐ பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டலாம். ஐபி68 தரம், அதாவது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது. விலை அதிகம்தான், ஆனால் சுவரில் மாட்டும் இடத்துக்கு அந்த வகையைத்தான் சொல்வேன்.

புது ரிவிஷன் போய்ச் சேரும் கதை வேறு. ஃபோல்டரை ஒத்திசைத்து வைத்தால் வைஃபை போனாலும் டிராயிங் திறக்கும், ஆனால் ஒத்திசைவு நின்றுபோனது யாருக்கும் தெரியாமல் பழையதே கிடக்கும். நாங்கள் காகிதத்தை விட்டதே இதனால்தான். (இலவசம் என்று சின்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது.) அதனால் உள் சர்வரில் ஒரு வலைப்பக்கம் வைத்தோம்: பாக எண்ணைத் தட்டினால் நடப்பு ரிவிஷன் மட்டும் வரும், மேலே ரிவிஷன் எண் பெரிதாகத் தெரியும். வைஃபை போனால் எதுவும் தெரியாது. தவறான டிராயிங் தெரிவதைவிட அது மேல். இதில் ஐபேட் முந்துகிறது. சஃபாரி பிடிஎஃப்பை அப்படியே திறந்துவிடும். ஆப்புக்குள் வலைப்பக்கம் காட்டும் ஆண்ட்ராய்டு வெப்வியூ திறக்காது, வலைப்பக்கத்தில் பிடிஎஃப் காட்டும் பிடிஎஃப்.ஜேஎஸ் நிரலைச் சேர்க்க வேண்டும். ஏ1 அளவு டிராயிங்கை விரித்துச் சுருக்கும்போதும் எங்களிடம் உள்ளவற்றில் ஐபேடின் ஓட்டம்தான் மென்மை.

விண்டோஸ் டேப்லெட்டை, முப்பரிமாண கேட் (கணினி வரைபட) வியூவர் கட்டாயம் என்றால் மட்டும் பாருங்கள். அசைன்டு ஆக்சஸ் என்ற கியோஸ்க் (ஒரே ஆப்பில் பூட்டும்) வசதி ஹோம் பதிப்பில் கிடையாது, குறைந்தது ப்ரோ வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது எங்கள் மெஷின்கள் பக்கத்தில் ஆண்ட்ராய்டு, பெரிய டிராயிங் பார்க்கும் கியூசி (தரச் சோதனை) அறையில் அந்த ஆறு ஐபேட். புதிதாக வாங்குகிறவர்கள் மொத்தமாக ஆர்டர் போடுவதற்கு முன் ஒன்றை மட்டும் வாங்கி, பூட்டி, வைஃபை பாஸ்வேர்டை வேண்டுமென்றே மாற்றிப் பாருங்கள். அதை மீட்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த எண்ணோடு விற்பனையாளரிடம் பேசுங்கள். அந்தப் பழைய ரவுட்டரும் அடாப்டரும் ஸ்டோர்ஸ் அலமாரியில் இருக்கின்றன, மேலே பழைய வைஃபை பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது.