சாக்லேட் நன்று, உறையிலுள்ள முத்திரை போதாது

சென்னையில் வெளிநாட்டுத் தின்பண்டங்கள் விற்கும் கடையொன்றில் 70 சதவீத டார்க் சாக்லேட் ஒன்றை வாங்கினேன். 100 கிராம், 480 ரூபாய். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடைத்தால் சிதறாமல் உடைகிறது. நாக்கில் மெல்ல இளகி, முதலில் கசப்பும் பிறகு உலர்திராட்சையை நினைவூட்டும் லேசான புளிப்பும் தருகிறது.

மற்றவற்றை விட்டுவிட்டு இதை எடுத்ததற்குக் காரணம், உறையின் பின்புறத்தில் ‘மேற்கு ஆப்பிரிக்கக் கோகோ’ என்ற வரிக்குப் பக்கத்தில் இருந்த, கோகோ நெறிப்படி விளைந்தது என்று சொல்லும் சான்று முத்திரை. உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய 2 நாடுகளில்தான் விளைகிறது. அங்கே சுமார் 15.6 லட்சம் சிறுவர் சிறுமியர் கோகோ சாகுபடியில் குழந்தைத் தொழிலாளர்களாக இருப்பதாகச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மையம் 2020-இல் அறிக்கை வெளியிட்டது. வெட்டுக்கத்தியால் காயைப் பிளப்பதும், தாங்க முடியாத மூட்டையைச் சுமப்பதும் அந்தப் பிள்ளைகள் செய்யும் வேலைகள். குழந்தை உழைப்பின் கொடிய வடிவங்களை 2005-க்குள் ஒழிப்பதாகப் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் 2001-இல் அமெரிக்காவில் ஒப்பந்தம் செய்துகொண்டன. கெடு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் 2020-க்குள் 70 சதவீதம் குறைப்பது என்று இலக்கே சுருங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில் ‘அளவுச் சமநிலை முறை’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. அதாவது, சான்று பெற்ற கொட்டையையும் பெறாத கொட்டையையும் ஆலையில் ஒன்றாகக் கலக்கலாம். சான்றுள்ள கொட்டை எவ்வளவு வாங்கப்பட்டதோ அவ்வளவுக்கு ஈடான சரக்கில் முத்திரையைப் பதிக்கலாம். ஏட்டில் கணக்கு நேராகிவிடும், என் கையிலிருக்கும் துண்டு எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பது யாருக்கும் தெரியாது. எந்தக் கூட்டுறவுச் சங்கத்திடம் கொள்முதல் செய்கிறீர்கள் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்த பதிலில் உறுதிமொழிகள் நிறைய இருந்தன; ஒரு சங்கத்தின் பெயர்கூட இல்லை.

இந்தக் கேள்வியை நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் விவசாயிக்குக் கிடைக்கும் விலைதான். 2024-இல் உலகச் சந்தையில் ஒரு டன் கோகோ 10,000 டாலரை, அதாவது கிலோ 10 டாலரைத் தாண்டியது. அவ்வாண்டு அக்டோபரில் ஐவரி கோஸ்ட் அரசு உயர்த்தி அறிவித்த கொள்முதல் விலையே கிலோவுக்கு 1,800 பிராங்க், அதாவது சுமார் 3 டாலர். சில ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் விவசாயிக்கு அதில் கூலியாள் வைக்கக் கட்டாது. பள்ளிக்கூடமும் தொலைவில் இருந்துவிட்டால் பிள்ளையைத்தான் தோட்டத்துக்கு அழைத்துப் போவார். அதனால் சாக்லேட்டையே வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த அடி முதலில் அதே குடும்பத்தின் மேல்தான் விழும்.

சுவைக்கு 5-க்கு 4 மதிப்பெண் தருகிறேன், உறையிலுள்ள தகவலுக்கு 1. சங்கத்தின் பெயரையும் விவசாயிக்குக் கொடுத்த விலையையும் வெளியிடும் சிறு தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்; 480 ரூபாய் செலவழிக்க முடிந்தவர்கள் அவர்களிடம் வாங்குங்கள்.